அவரைக் குலப் பயிர்களின் நோயெதிர்ப்பும் பரம்பரை இயல்பும்

மனிதருக்கு நோய் வருவது போலப் பயிருக்கும் நோய் வரும். மனிதர் நோயுற்றால் வைத்தியரை நாடுவர். ஒருமுறை அம்மை கண்டு மீண்டவரது குருதி அந்நோயை நினைவிற் கொண்டு, மறுமுறை வருங்கால் எதிர்த்து நிற்கும். பயிருக்கோ குருதியுமில்லை, அத்தகைய நினைவுமில்லை. ஆயினும் ஒரே பாத்தியில் அருகருகே நிற்கும் இரு செடிகளுள் ஒன்று இலை கருகி வாடுவதையும், மற்றொன்று பசுமை குன்றாது பூத்துக் காய்ப்பதையும் உழவர் கண்டிருக்கின்றனர். இவ்வேற்றுமை எங்ஙனம் எழுந்தது? அது வித்தின் வழியே அடுத்த தலைமுறைக்குச் செல்லுமா? செல்லுமாயின், ஒரு பயிரிலுள்ள எதிர்ப்பு வன்மையை நாம் விரும்பியவாறு மற்றொரு பயிருக்கு ஊட்டலாமா? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியருக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். திருக்கோணமலை இந்துக் கல்லூரியோடு தொடர்பு பூண்டு கல்விப் பணியாற்றிய விபுலானந்த அடிகள் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே கற்றவர்; கலைச்சொல்லாக்கப் பணியிலும் ஈடுபட்டவர். அவர் நடந்த வழியில் நாமும் சிறிது தூரம் நடந்து பார்ப்பது தவறாகாது. அன்றியும், இது வயிற்றோடு தொடர்புடைய விடயம். நெல்லுக்கு அடுத்தபடியாக நம் மாவட்டத்து மேட்டு நிலங்களிற் பயறும் கௌபியும் உழுந்தும் விளைகின்றன. மீனும் இறைச்சியும் வாங்க இயலாத வீட்டிற் புரதச் சத்தைத் தருவன இவையே. மலைநாட்டிலிருந்து நம் சந்தைக்கு வரும் போஞ்சியும் இவற்றின் உறவே. இவை யாவும் அவரைக் குலத்தைச் சேர்ந்தவை. யாவும் பங்கசு நோய்க்கு இரையாகுபவை.

கோப்பி கற்பித்த பாடம்

பங்கசு என்னும் சிற்றுயிர் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றவல்லது என்பதற்கு நம் இலங்கையே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலைநாடு முழுவதும் கோப்பித் தோட்டங்களாய் இருந்தது. 1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படிந்திருத்தல் காணப்பட்டது. பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்றிசு என்பார் மூலமாக அது இங்கிலாந்து சென்றது. அங்கே பேர்க்கிலி என்னும் பங்கசு ஆராய்ச்சியாளர் அதற்கு ‘எமிலியா வாசுதாத்திரிக்சு’ எனப் பெயரிட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் நிலைகுலைந்தது. தோட்டத் துரைமார் கடனில் மூழ்கினர். தென்னிந்தியாவினின்று வந்து உழைத்த தமிழ்த் தொழிலாளரின் பிழைப்பும் ஆட்டங்கண்டது. கோப்பி இருந்த இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது.

1880ஆம் ஆண்டு முதல் 1882ஆம் ஆண்டு வரை இந்நோயை ஆராய இலங்கையிலே தங்கியிருந்தவர் மார்சல் வாட் என்னும் இளம் விஞ்ஞானி. அச்செம்மஞ்சள் தூள் உண்மையிற் பங்கசின் வித்திகள் என்பதையும், அவை காற்றிற் பறந்து சென்று நீர்த்துளியில் முளைத்து இலைவாய்களின் வழியே உட்புகுகின்றன என்பதையும் அவர் காட்டினார். மலை மலையாய் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையே நோய் காட்டுத்தீப்போற் பரவுதற்கு ஏதுவாயிற்று என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். எனினும் அந்நாளிற் கைக்கொள்ளத்தக்க மருந்து இல்லை. செம்பு கலந்த போர்தோக் கலவை பிரான்சில் வெளிவந்ததே 1885ஆம் ஆண்டிலேதான். நோயை எதிர்க்கும் கோப்பி வமிசமும் அன்று எவர் கையிலும் இல்லை. பயிர்நோய் பற்றிய கல்வியில் இலங்கைக் கோப்பியின் கதை இன்றும் முதற்பாடங்களுள் ஒன்றாகப் பயிலப்படுகின்றது.

பங்கசும் பயிரும் பொருதும் களம்

இனிப் போஞ்சியை எடுத்துக்கொள்வோம். போஞ்சியைத் தாக்கும் பங்கசு நோய்களுள் அந்திரக்னோசு, துருநோய், கோணப்புள்ளி நோய் என்னும் மூன்றும் தலையாயவை. அந்திரக்னோசு குளிரும் ஈரமும் மிக்க இடத்திற் பெருகும். காயிலே குழிந்த கரும்புள்ளிகளை உண்டாக்கும். காயைத் துளைத்து உள்ளே வித்தினையும் பற்றும். அவ்வித்தினை அடுத்த போகத்தில் விதைப்பவர் நோயையும் உடன் விதைப்பவராகின்றார்.

பங்கசின் வித்தி இலைமேல் விழுந்ததும் நுண்ணிய முளைக்குழாயொன்றை நீட்டுகின்றது. அதன் நுனி இலையின் புறத்தோலைப் பற்றிக்கொண்டு உட்புக முயல்கின்றது. உட்புகுங்கால் அது வெறுங்கையோடு செல்வதில்லை. செடியின் தற்காப்பை மயக்கி அடக்கத்தக்க சில புரதங்களைக் கலங்களுள்ளே செலுத்துகின்றது. செடி அவற்றை அறிந்துகொள்ளாவிடின் பங்கசு தங்குதடையின்றி வளர்ந்து இலையை உண்ணும். செடி அறிந்துகொள்ளுமாயின் நிகழ்வது வியப்புக்குரியது. தாக்குண்ட கலமும் அதனை அடுத்த சில கலங்களும் தாமாகவே மடிகின்றன. உயிருள்ள கலத்தையே உண்டு வாழும் துருப்பங்கசுக்கு அவ்விடத்தில் உணவற்றுப் போகின்றது; அந்திரக்னோசுப் பங்கசும் அங்கே முடங்கி நின்றுவிடுகின்றது. கண்ணுக்குத் தெரிவது ஊசிமுனையளவு கரும்புள்ளி மட்டுமே. சில கலங்களை இழந்து முழுச் செடியையும் காக்கும் இந்நிகழ்ச்சிக்கு அதியுணர்ச்சி என்னும் பெயரை 1915ஆம் ஆண்டில் வழங்கியவர் அமெரிக்கரான சிற்றாக்மன் ஆவர்.

ஆகவே எதிர்ப்பின் உயிர்நாடி வலிமையன்று; அடையாளங் காணுதலே. நமது துறைமுக வாயிலிலே ஒஸ்தன்பேர்க் கோட்டை நின்று காவல் புரிந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். காவலன் தான் அறிந்த பகைக் கொடியைத் தாங்கி வரும் கப்பலையே தடுப்பான். அக்கொடியை இறக்கிவிட்டு வரும் கப்பலோ அவன் கண்ணெதிரே உட்புகுந்துவிடும். செடியின் கலங்களிலே காவலன்போல நிற்கும் புரதங்கள் உள. அப்புரதங்களை ஆக்கும் கட்டளைகளே எதிர்ப்புப் பரம்பரையலகுகள். தாவரங்களில் அத்தகைய அலகுகள் சில 1990ஆம் ஆண்டுகளிலே தனித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்டன.

மெண்டல் வகுத்த நெறி

எதிர்ப்பு வித்தின் வழியே செல்லுமா என்னும் இரண்டாம் வினாவுக்கு வருவோம். பட்டாணிச் செடிகளை ஆராய்ந்து பரம்பரை விதிகளைக் கண்டவர் கிரெகர் மெண்டல். 1866ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது கட்டுரையிலே போஞ்சியைக் கலந்து செய்த சோதனைகளும் இடம்பெற்றுள்ளன என்பது பலர் அறியாத செய்தி. அவரது நெறி நோயெதிர்ப்புக்கும் பொருந்தும் என்பதை 1905ஆம் ஆண்டிற் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உரோலண்ட் பிபன். அவர் ஆராய்ந்தது கோதுமையின் மஞ்சட் துருநோய். சீனன்குடா ஆலையிலே கோதுமை மாவாவதைக் கண்டிருக்கும் நம்மூரவருக்கு அத்தானியத்தின் பெயர் புதியதன்று.

போஞ்சியில் இந்நெறி செயற்படும் விதத்தைக் காண்போம். எதிர்ப்புடைய வமிசமொன்றையும் நோய்க்கு எளிதில் இரையாகும் வமிசமொன்றையும் கலக்கின்றோம் என்க. முதற்றலைமுறைச் செடிகள் யாவும் நோயை எதிர்த்து நிற்கின்றன. எதிர்ப்பலகு ஆட்சியுடையதாகலின் மற்றையது மறைந்து கிடக்கின்றது. அச்செடிகளைத் தம்முள் தாமே காய்க்கவிட்டு இரண்டாந் தலைமுறையை வளர்த்தால், நான்கு செடிகளுக்கு மூன்று எதிர்த்து நிற்க, ஒன்று நோயுறும். மூன்றுக்கு ஒன்று என்னும் இவ்விகிதமே எதிர்ப்பு ஒரே அலகினால் ஆளப்படுகின்றது என்பதன் முத்திரை. ஒன்றையொன்று சாராத இரண்டு ஆட்சியலகுகள் இருப்பின் பதினாறில் ஒன்றே நோயுறும். மூன்று இருப்பின் அறுபத்து நான்கில் ஒன்றே நோயுறும். செடிகளை எண்ணிப் பார்ப்பவன் கண்ணுக்குத் தெரியாத அலகுகளையும் எண்ணிவிடுகின்றான். பிபன் கண்ட கோதுமையில் எதிர்ப்புப் பின்னிடைவாக இருந்தது. போஞ்சியின் அந்திரக்னோசு எதிர்ப்போ பெரும்பாலும் ஆட்சியுடையதாகவே காணப்படுகின்றது.

இவ்வளவில் விடயம் முடிந்திருந்தால் எதிர்ப்பலகு ஒன்றைக் கண்டெடுத்துப் பயிருக்கு ஊட்டிவிட்டு உழவர் நிம்மதியாய் உறங்கலாம். ஆயின் 1911ஆம் ஆண்டிலே கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாரசு என்பார் ஒரு சிக்கலை வெளிப்படுத்தினார். ஓரிடத்துப் பங்கசை எதிர்த்து நின்ற போஞ்சி வமிசம் வேறிடத்துப் பங்கசுக்கு இரையாயிற்று. உருப்பெருக்கியில் நோக்கினால் இரு பங்கசுகளும் ஒன்றுபோலவே தோன்றின. ஒரே பங்கசினுள்ளும் வெவ்வேறு இனங்கள் உள என்பது அதனாற் புலப்பட்டது. பயிரில் மட்டுமன்று, பகையிலும் பரம்பரை வேற்றுமை உண்டு என்பதே அதன் பொருள்.

அலகுக்கு அலகு

இவ்விரு பரம்பரைகளையும் ஒருங்கே ஆராய்ந்து உண்மை கண்டவர் அமெரிக்காவின் வட தக்கோட்டா மாநிலத்திற் பணிபுரிந்த அரோல்ட் பிளோர். 1940ஆம் ஆண்டுகளில் ஆளிவிதைப் பயிரையும் அதன் துருநோய்ப் பங்கசையும் அவர் தனித்தனியே கலப்புச் செய்து, இரண்டின் வழித்தோன்றல்களையும் ஒன்றோடொன்று பொருதவிட்டுப் பார்த்தார். செடியிலுள்ள எதிர்ப்பலகு ஒவ்வொன்றுக்கும் இணையாகப் பங்கசிலே ஓரலகு உண்டு என்பது அவர் கண்ட முடிபு. காவலன் ஒருவனுக்கு அவன் அறிந்த கொடி ஒன்று. காவலனும் இருந்து, அக்கொடியும் பறந்தாலன்றித் தடை நிகழாது. இதனை அலகுக்கு அலகு என்னும் கொள்கை என்பர்.

தமிழிலக்கணம் பயின்றோர்க்கு இதன் மேற்பகுதி மிக எளிதில் விளங்கும். சொற்கள் புணருங்கால் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் நிகழும் என்று கற்றிருக்கின்றோம். பரம்பரையலகில் நேரும் மாற்றத்துக்கும் நம் விஞ்ஞான நூலோர் விகாரம் என்றே பெயரிட்டனர். பெயர் மட்டுமன்று, வகையும் பொருந்துதல் இனிது. பங்கசின் அலகிலே புதியதொரு துண்டு புகுந்தால் அது தோன்றல். ஓரெழுத்து வேறோரெழுத்தாய் மாறினால் அது திரிதல். அலகே அற்றுப்போனால் அது கெடுதல். இவற்றுள் எது நேரினும் கொடி மறைந்துவிடும். காவலன் இருந்தும் இல்லாதவனே. ஒரு வயலிலே பங்கசின் வித்திகள் கோடி கோடியாய்ப் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்றில் இவ்விகாரம் நேர்ந்தாலும் போதும். எதிர்ப்புடைய பயிர் நாடெங்கும் விளையும்போது பிற வித்திகள் யாவும் பட்டினியால் மடிய, அவ்வொன்று மட்டும் பெருகி வயலை நிரப்பும்.

இது கற்பனையன்று. வெனிசுவேலாவிலிருந்து பெறப்பட்ட கரும்போஞ்சி வமிசமொன்றில், கோர்ணெல் 49-242 என்னும் எண்ணுடையதில், அந்திரக்னோசை எதிர்க்கும் வலிய அலகொன்று இருந்தது. ஒல்லாந்திலே மாசுதன்புரூக் என்பார் 1960ஆம் ஆண்டில் அதன் பரம்பரையை விளக்கி ‘அரே’ எனப் பெயரிட்டார். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வளர்ப்பாளர் அதனையே விரும்பிப் பல வமிசங்களுக்கு ஊட்டினர். 1970ஆம் ஆண்டுகளிலே ஐரோப்பாவில் அதனை வெல்லும் பங்கசு இனங்கள் தோன்றிவிட்டன. ஒரே காவலனைப் பல வாயில்களில் நிறுத்தினால், அவனை ஏய்க்கக் கற்ற பகைவன் எல்லா வாயில்களையும் ஒருங்கே திறந்துவிடுவான் அன்றோ?

பகையை எண்ணால் அறிதல்

பங்கசின் இனங்கள் பலவாதலின் அவற்றை இனங்காண ஒரு முறை வேண்டப்பட்டது. அந்திரக்னோசுக்கெனப் பன்னிரண்டு போஞ்சி வமிசங்களைத் தேர்ந்து, அவற்றுக்கு 1, 2, 4, 8, 16 என இரட்டித்துச் செல்லும் எண்களை முறையே வழங்கினர். பன்னிரண்டாவது வமிசத்தின் எண் 2048. ஓரிடத்திற் கண்ட பங்கசைப் பன்னிரண்டின் மேலும் தெளித்து, எவை நோயுறுகின்றனவோ அவற்றின் எண்களைக் கூட்டினால் வருவதே அப்பங்கசு இனத்தின் பெயர். காட்டாக, 73ஆம் இனம் என்றால் 1, 8, 64 என்னும் எண்களையுடைய மூன்று வமிசங்களை அது வெல்லும் என்பது பொருள். வேறெந்த எண்களைக் கூட்டினும் 73 வாராது. இரண்டின் வலுக்களைக் கணித வகுப்பிலே கற்கும் மாணவர், அக்கணிதம் உழவனுக்கும் உதவுமாற்றை இங்கே கண்டுகொள்ளலாம். 73 என்னும் எண்ணைக் கேட்டவுடன், 8 என்னும் எண்ணுக்குரிய கோர்ணெல் 49-242 அங்கே பயன்படாது என்பதை வளர்ப்பாளர் அறிந்துவிடுவர்.

2048 என்னும் பெரிய எண்ணைத் தாங்குவது ஜி 2333 என்னும் வமிசம். இது எந்த ஆராய்ச்சிக்கூடத்திலும் ஆக்கப்பட்டதன்று. மெக்சிக்கோவின் சியாப்பாசு மாநிலத்துத் தெயோபிசுக்கா என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய சிவந்த நாட்டுப் போஞ்சி அது. ஆராய்ந்து பார்த்தபோது அதனுள்ளே அந்திரக்னோசை எதிர்க்கும் மூன்று அலகுகள் ஒருங்கே இருந்தமை தெரியவந்தது. எழுத்தறியாத உழவர் தலைமுறை தலைமுறையாய் நல்ல காயைத் தேர்ந்து, உலர்த்தி, காத்து வைத்த வித்தினுள் இச்செல்வம் உறைந்து கிடந்தது. பின்னர் அவ்வமிசம் ஆபிரிக்காவின் உருவாண்டா நாட்டு மலைகளிலே உமுபானோ என்னும் பெயரோடு விளைந்தது. அதனையும் வெல்லும் சில பங்கசு இனங்கள் பிற்காலத்தில் காணப்பட்டனவெனினும், அது இன்றும் சிறந்த எதிர்ப்பு மூலங்களுள் ஒன்றேயாம்.

ஓரலகுக்கு மேற் பல அலகுகளை அடுக்குதலின் பயன் யாது? ஓரலகை வெல்லும் விகாரம் பத்து இலட்சம் வித்திகளில் ஒன்றுக்கு நேரும் என்று ஒரு பேச்சுக்குக் கொள்வோம். இரண்டு அலகுகளை ஒரே வித்தி ஒருங்கே வெல்வதற்கு அவ்வரிய நிகழ்ச்சி இருமுறை கூடவேண்டும். அது இலட்சங் கோடியில் ஒன்றாகிவிடும். மூன்றாயின் சொல்லவே வேண்டுவதில்லை. ஆயின் ஈண்டு ஒரு நிபந்தனை உண்டு. அவ்வலகுகளைத் தனித்தனியே தாங்கும் வமிசங்களையும் அயல் வயல்களில் விதைத்தால், பங்கசு ஒவ்வொன்றாய் வென்று படியேறி வந்துவிடும். ஆதலின் அடுக்குதலும் வேண்டும். அடுக்கியதைத் தனித்துச் சிந்தாதிருத்தலும் வேண்டும்.

அடுக்குவதிலும் ஒரு சிக்கல் உளது. ஓரலகுடைய செடியும் ஈரலகுடைய செடியும் அதே பங்கசைத் தெளித்தால் ஒன்றுபோலவே எதிர்த்து நிற்கும். எதனைத் தேர்வது? ஈண்டுதான் இக்காலத்து விஞ்ஞானம் உதவுகின்றது. போஞ்சியின் கலமொன்றில் இருபத்திரண்டு நிறமூர்த்தங்கள், அஃதாவது பதினொரு சோடிகள் உள. எதிர்ப்பலகுகள் பல அந்நிறமூர்த்தங்களின் நுனிப்பகுதிகளிலே கூட்டங்கூட்டமாய் அமைந்துள்ளன. அவற்றை ஒட்டியுள்ள பரம்பரைப் பொருளின் குறிகளைக் கண்டறிந்து, இளநாற்றின் இலைத்துண்டு ஒன்றைக் கொண்டே எவ்வெவ்வலகு உண்டு என்று கூறிவிடலாம். நோயைத் தெளிக்கவும் வேண்டுவதில்லை. காய்க்கும்வரை காத்திருக்கவும் வேண்டுவதில்லை. 2014ஆம் ஆண்டிலே போஞ்சியின் பரம்பரைத் தொகுதி எழுத்தெழுத்தாய் வாசிக்கப்பட்டு வெளியிடப்பட்டபின் இப்பணி மேலும் எளிதாயிற்று.

போஞ்சி, அந்தீசு மலைத்தொடரில் ஒருமுறையும் மெக்சிக்கோ முதலிய மத்திய அமெரிக்கப் பகுதியில் ஒருமுறையும் என இருவேறு இடங்களிலே மனிதராற் பயிராக்கப்பட்டது. அவ்வப் பகுதிப் பங்கசு அவ்வப் பகுதிப் போஞ்சியோடு நெடுங்காலம் பொருது பழகியது. ஆதலின் ஒரு பகுதிப் போஞ்சியின் எதிர்ப்பலகை மறுபகுதிப் போஞ்சிக்கு ஊட்டுங்கால், அங்குள்ள பங்கசு அறியாத புதிய காவலன் ஒருவன் கிடைக்கின்றான். கொலம்பியா நாட்டுக் காலி நகரருகே 1967ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வெப்பமண்டல விவசாய ஆராய்ச்சி நிலையம் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட போஞ்சி வித்துவகைகளைப் பேணி வருவதன் காரணங்களுள் இதுவுமொன்று.

எல்லா எதிர்ப்பும் இவ்வாறு ஓரலகு, ஈரலகு என்று எண்ணத்தக்கதன்று. சில வமிசங்களிலே சிறு சிறு அலகுகள் பல கூடி நோயை முற்றாய் ஒழியாது மெல்ல வளரச் செய்யும். இலையிற் சில புள்ளிகள் தோன்றும். ஆயினும் விளைவு குன்றாது. தென்னாபிரிக்கரான வாண்டர்பிளாங்கு 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முன்னையதை நிலைக்குத்து எதிர்ப்பு என்றும் பின்னையதைக் கிடை எதிர்ப்பு என்றும் வேறுபடுத்தினார். பின்னையது கண்ணைக் கவராது. ஆனால் நெடுநாள் நிலைக்கும். புள்ளியே இல்லாத இலையை மட்டும் தேர்ந்து, சிறுபுள்ளியுடைய நல்ல செடியைப் பிடுங்கி எறிதல் சில வேளை நட்டமாகவும் முடியும்.

நமது மாவட்டமும் நமது வித்தும்

போஞ்சி நம் வெப்பத்தில் நன்கு விளையாது. ஆயின் நம் பயறுக்கும் கௌபிக்கும் இந்நெறியே பொருந்தும். பயற்றினிலையில் வெண்மாப் படிந்ததுபோற் காணும் வெண்தூள் நோய் பங்கசினால் வருவது. அதனை எதிர்க்கும் தன்மை சில வமிசங்களில் ஓர் ஆட்சியலகினாலும், சிலவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட அலகுகளாலும் ஆளப்படுகின்றது. இலையில் மஞ்சளும் பச்சையும் கலந்து தேமல்போல் தோன்றும் நோயோ பங்கசன்று. வெள்ளை ஈ பரப்பும் வைரசு அது. இரண்டையும் ஒன்றெனக் கருதிப் பங்கசு மருந்து தெளிப்பவரின் பொருளும் உழைப்பும் வீணாகும்.

மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்திலே பயறு, கௌபி முதலியவற்றின் வமிசங்கள் தேர்ந்து வெளியிடப்படுகின்றன. நாட்டு வித்துவகைகளைப் பேணும் பொருட்டுக் கன்னொறுவையிலே 1988ஆம் ஆண்டில் தாவரப் பிறப்புரிமை வள நிலையம் நிறுவப்பட்டது. இவ்விரண்டும் நமக்கு எட்டாத இடங்களல்ல. ஆயினும் நாட்டின் வித்து முழுவதையும் ஒரு நிலையமே காக்கும் என்று இருந்துவிடுதல் தகாது.

ஏன் எனிற் கூறுதும். 2006ஆம் ஆண்டிலே போரினால் மூதூர் கிழக்கு, சம்பூர்ப் பகுதி மக்கள் வீடும் வயலும் விட்டு வெளியேறினர். சம்பூர் மக்களுட் பலர் தம் நிலத்தை மீள அடைய ஏறத்தாழப் பத்தாண்டு சென்றது. அடுப்படியிற் குடத்திலும் போத்தலிலும் சாம்பல் கலந்து வைக்கும் பயறோ கௌபியோ பத்தாண்டு முளைத்திறன் கெடாதிராது. வீடு இடிந்தால் மீளக் கட்டலாம். ஒரு குடும்பம் தலைமுறையாய்க் காத்த வித்து வேறெங்கும் இல்லையாயின் அதனை மீளப் பெறுதல் அரிது. அவ்வித்தினுள் எவ்வெதிர்ப்பலகு இருந்தது என்பதை இனி எவரும் எண்ணிப் பார்க்கவும் இயலாது. 1994ஆம் ஆண்டிற் பேரழிவுக்குள்ளான உருவாண்டா நாட்டுக்காக ‘நம்பிக்கை விதைகள்’ என்னும் திட்டத்தின் கீழ் அயல் நாடுகளிலே போஞ்சி வித்தினைப் பெருக்க முடிந்தது, அந்நாட்டு வித்துவகைகள் வேறிடத்தும் பேணப்பட்டிருந்தமையினாலேயாம். ஒரே வித்து இரண்டு மூன்று இடங்களில் இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

மருந்து உளதே என்று சொல்வார்க்கும் ஒரு விடை உண்டு. 2021ஆம் ஆண்டிலே இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டது; அவ்வாண்டின் இறுதிக்குள் தடை தளர்த்தப்பட்டதெனினும், இடைப்பட்ட காலத்தில் உழவர் பட்ட இடர் சிறிதன்று. கடையிலே மருந்து இல்லாத காலத்திலும் செடியோடு இருப்பது வித்தினுள் அமைந்த எதிர்ப்பு ஒன்றே. அதற்கு விலையுமில்லை, கிணற்று நீரை அது நஞ்சாக்குவதுமில்லை.

இனி, நாம் செய்யத்தக்கது யாது? பயறு, கௌபி, போஞ்சி ஆகியவை பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையால் காய்ப்பன. ஆதலின் நல்ல செடியொன்றின் வித்து பெரும்பாலும் தாயையே ஒத்திருக்கும், தேர்வு எளிது. நோய் மிக்க வயலில் நலத்தோடு நிற்கும் செடியைக் கண்டால் அதற்கு ஓர் அடையாளம் இடுக. அச்செடி எதிர்ப்பினால் தப்பியதோ, தற்செயலாய்த் தப்பியதோ என்பது அப்போது தெரியாது. அதன் வித்தைத் தனியே எடுத்து, அடுத்த போகத்தில் நோயுறும் செடிகளின் நடுவே விதைத்துப் பார்த்தால் உண்மை வெளியாகும். நோயுற்ற காயின் வித்தை விதைக்கு வையாதிருத்தல், இலை ஈரமாயிருக்கும் வேளையில் வயலுட் புகுந்து நோயைச் செடிக்குச் செடி தொற்றவையாதிருத்தல், ஒரே நிலத்தில் ஒரே பயிரை மீண்டும் மீண்டும் விதையாதிருத்தல் ஆகியவை எவ்வமிசத்துக்கும் வேண்டிய ஒழுக்கங்கள். எதிர்ப்புள்ள வமிசம் என்று கருதி இவற்றைக் கைவிடுவோர் அவ்வெதிர்ப்பின் ஆயுளையே குறைத்துவிடுகின்றனர்.

மாணவர்க்கு இதிற் பெருவாய்ப்பு உண்டு. பாடசாலைத் தோட்டத்தில் இரண்டு பாத்தி போதும். ஒன்றிற் கடையில் வாங்கிய வித்தையும் மற்றொன்றில் பாட்டி வீட்டிலிருந்து கொணர்ந்த வித்தையும் இட்டு, வாரந்தோறும் நோயுற்ற இலைகளை எண்ணிக் குறித்து வரலாம். கட்டைபறிச்சானில் விளைந்த பயறும் தம்பலகாமத்தில் விளைந்த பயறும் நிலாவெளியில் விளைந்த பயறும் ஒன்றோ வேறோ என்று அறிய முற்படும் மாணவன், பாரசும் பிளோரும் கேட்ட கேள்வியையே கேட்கின்றான். பழைய மாணவருட் பலர் விவசாயத் திணைக்களத்திலும் பல்கலைக்கழகங்களிலும் வெளிநாடுகளிலும் உளர். ஊருக்கு வருங்கால் உறவினர் வீட்டு வித்துக் குடத்தை ஒருமுறை திறந்து பார்த்து, அதன் பெயரையும் ஊரையும் காத்தவரையும் எழுதி வைத்து, ஒரு பிடியைக் கன்னொறுவைக்கு அனுப்புவார்களாயின், அது இக்கல்லூரிக்கும் இம்மாவட்டத்துக்கும் செய்யும் நற்பணியாகும். பெரும்போக மழை தொடங்குமுன் அதனைச் செய்தல் நன்று. விதைத்து முடிந்தபின் குடம் வெறுமையாய் இருக்கும்.